நெய்த குழாயும் நெசவாளியின் உயிரும்

குன்றத்தூரில் பட்டுத்தறி போட்டுப் பிழைத்த தோழர் ஒருவர். வயது 68. நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்து மிதிகட்டை மிதித்தவர். கிளைக் கூட்டத்துக்கு அவர் வந்தால் கூடவே ஒரு கட்டுப் பீடியும் வரும். போன வருஷம் நீர்க்கடுப்பு என்று வயிற்றை ஸ்கேன் எடுக்கப் போனார். மூத்திரப் பையில் ஒன்றுமில்லை. ஆனால் முதுகெலும்பை ஒட்டி இறங்குகிற பெரிய ரத்தக்குழாய் புடைத்திருக்கிறது, குறுக்களவு ஆறு சென்டிமீட்டருக்கு மேல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் நேராக வந்தது நம்மிடம்தான். "தோழர், இது என்ன வியாதி? எனக்கு வலியே இல்லையே!" என்றார்.

நமக்கும் தெரியாது. விசாரித்தோம், டாக்டர்களைக் கேட்டோம், கிடைத்ததைப் படித்தோம். விசாரிக்க விசாரிக்க, இது ஒரு தோழரின் வயிற்றுக்குள் இருக்கும் விஷயம் மட்டும் அல்ல என்று புலப்பட்டது. விஞ்ஞானம் யாருக்காக வளர்கிறது, யார் கையில் போய்ச் சேர்கிறது என்ற கேள்வியே அந்தச் சீட்டில் மடிந்து கிடந்தது. ஆகவேதான் எழுதுகிறோம்.

இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வயிற்றுக்குள் இறங்கும்போது சுமார் 2 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குழாய். அதன் சுவர் நைந்துபோனால், உள்ளிருந்து ரத்தம் அடிக்கும் அழுத்தத்தில் அந்த இடம் பழைய சைக்கிள் டியூபில் கொப்புளம் எழும்புவதைப் போலப் புடைக்கும். 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதற்கு அனியூரிசம் என்று பெயர். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. ஒரு நாள் வெடிக்கும். வெடித்துவிட்டால் பத்தில் எட்டுப் பேர் பிழைப்பதில்லை. பாதிப் பேர் ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிப்பதில்லை.

புகையிலைதான் முதல் எதிரி. அதற்கு அடுத்தபடி ரத்தக் கொதிப்பு, முதுமை, பரம்பரை. மேல்நாட்டில் இது 65 வயது தாண்டிய ஆண்களின் வியாதி. நமது நாட்டில் அது மட்டுமல்ல. காசநோய்க் கிருமியும், டைபாய்டு இனத்தைச் சேர்ந்த சால்மோனெல்லா கிருமியும் குழாய்ச் சுவரை அரித்துப் புடைக்க வைக்கின்றன. ஜப்பானிய டாக்டர் தகயாசு 1908ல் விவரித்த குழாய் அழற்சி நோய் இளம் பெண்களையும் பிடிக்கிறது. நம் பக்கத்திலேயே 1928ல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. காசநோயை வெறும் இருமல் வியாதி என்று எண்ணுகிறவர்கள், அது ரத்தக்குழாயையும் தின்னும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

"இதெல்லாம் பெரிய இடத்து நோய், கட்சிப் பத்திரிகையில் எதற்கு? சாக்கடையையும் கொசுவையும் எழுதுங்கள்" என்று ஒரு தோழர் நம்மிடம் சொன்னார். அவருக்கு நமது பதில் ஒன்றுதான். சில வருஷங்களுக்கு முன் இதே வட்டாரத்தில் ஒரு கட்டிடத் தொழிலாளி திடீரென்று முதுகைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். சிறுநீரகக் கல் என்று சொல்லி ஓரிடத்தில் வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இரவு பத்து மணிக்கு மறுபடி வலி. விடிவதற்குள் முடிந்துபோயிற்று. அது வெடித்த குழாயாக இருந்திருக்கலாம் என்பது பிற்பாடு ஒரு டாக்டர் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. வெடித்த குழாயைச் சிறுநீரகக் கல் என்று மயங்குவது வைத்திய உலகம் நன்கு அறிந்த தவறு. பெரிய இடத்தில் இருப்பவனுக்கு அந்த மயக்கம் ஒரு ஸ்கேனில் தெளிந்துவிடும். சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் சுடுகாட்டில்கூடத் தெளிவதில்லை.

பெரிய மனிதர்களும் இதில் மாண்டிருக்கிறார்கள், மறுக்கவில்லை. விஞ்ஞானி ஐன்ஸ்டீனுக்கு வயிற்றில் இதே புடைப்பு இருந்தது. 1948ல் ருடால்ஃப் நிஸ்ஸென் என்ற டாக்டர் வயிற்றைத் திறந்து, புடைப்பைச் சுற்றி செல்லோபேன் காகிதத்தைச் சுற்றி மூடினார். அன்று அவ்வளவுதான் செய்ய முடிந்தது. அதற்கு அடுத்த வருஷம்தான் ஐன்ஸ்டீன் 'ஏன் சோஷலிசம்?' என்ற கட்டுரையை எழுதினார். அந்த மிட்டாய்க் காகிதம் அவருக்கு ஆறு வருஷத்துக்கு மேல் தந்தது. 1955 ஏப்ரலில் குழாய் வெடித்தது. மறுபடி ரண சிகிச்சை வேண்டாம் என்று மறுத்து, ஏப்ரல் 18ந் தேதி மாண்டார்.

நெசவாளியின் வித்தை

இனி நாம் சொல்லப் போவது குன்றத்தூர், அனகாபுத்தூர் நெசவாளிகள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய கதை.

பிரான்சு நாட்டில் லியோன் என்ற நகரம். பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். 1831லும் 1834லும் கூலிக்காக அந்த நகரத்துப் பட்டு நெசவாளிகள் கிளர்ந்தெழுந்து தெருவில் இறங்கியதைத் தொழிலாளி வர்க்கச் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். அதே லியோனில் 1894ல் பிரெஞ்சு ஜனாதிபதி கார்னோவை ஒருவன் கத்தியால் குத்தினான். ஈரலுக்குப் போகும் ரத்தநாளம் அறுந்தது. அறுந்த குழாயைத் தைக்க நாட்டின் எந்த டாக்டருக்கும் தெரியவில்லை, ஜனாதிபதி செத்தார். இதைப் பார்த்த இளம் டாக்டர் அலெக்சிஸ் காரெல் என்ன செய்தார்? பேராசிரியர்களிடம் போகவில்லை. அவ்வூரில் பட்டில் பூவேலை செய்யும் லெருதியே என்ற அம்மையாரிடம் போய், மெல்லிய ஊசியும் மெல்லிய பட்டு நூலும் பிடிக்கக் கற்றுக்கொண்டார். 1902ல் குழாயின் வாயை மூன்று முனையில் பிடித்து முக்கோணமாக்கித் தைக்கும் முறையை வெளியிட்டார். 1912ல் நோபல் பரிசு அவருக்கு. பூவேலைக்கார அம்மாளுக்குப் பரிசும் இல்லை, பாடப் புத்தகத்தில் ஒரு வரிக்கு மேல் இடமும் இல்லை. (அந்தக் காரெல் பிற்காலத்தில் 'தாழ்ந்த' மனிதர்களை ஒழிக்க வேண்டும் என்று எழுதினார், நாஜிகளுக்குக் கைகட்டி நின்ற விஷி சர்க்காரிடம் பதவியும் பெற்றார். கை வித்தை வேறு, மனிதன் வேறு.)

தைக்கத் தெரிந்தாயிற்று. கெட்டுப்போன குழாய்க்கு மாற்றாக எதைத் தைப்பது? பாரிசில் 1951 மார்ச் 29ந் தேதி ஷார்ல் துபோஸ்த் என்ற டாக்டர், இறந்தவர் உடலிலிருந்து எடுத்த தமனியை வைத்து வயிற்றுப் புடைப்பை மாற்றித் தைத்தார். நம் ஊர்க்காரரான சேக்கிழார், கண்ணுக்குக் கண்ணையே மருந்தாக்கிய கண்ணப்பரைப் பாடினார். மனிதக் குழாய்க்கு மனிதக் குழாயே மருந்து என்பது அந்த வழிதான். ஆனால் பிணக் குழாய்க்கு எங்கே போவது? கிடைத்தாலும் நாளடைவில் அது சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். அல்லது தானும் புடைக்கும்.

அப்போதுதான் துணி வந்தது. நியூயார்க்கில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் டாக்டர், நாயின் இருதயத்துக்குள் தவறிக் கிடந்த ஒரு பட்டு நூலைச் சுற்றி, உடம்பே ஒரு வழவழப்பான தோல் பூசியிருப்பதைக் கண்டார். நூலுக்கே தோல் பூசும் உடம்பு துணிக்குப் பூசாதா? பட்டுக் கைக்குட்டையைக் குழாயாகத் தைத்து நாயின் தமனியில் வைத்துப் பார்த்தார். ஒரு மணி நேரந்தான் தாங்கியது. விடவில்லை. பாரசூட் துணிக்கு நெய்யும் வின்யான் என்ற செயற்கை இழைத் துணியில் குழாய் செய்தார். 1952ல் உலகுக்கு அறிவித்தார். பிறகு ஹூஸ்டன் நகரில் டிபேக்கி என்ற டாக்டர் துணிக் கடைக்கு நைலான் வாங்கப் போனார். நைலான் தீர்ந்துவிட்டது, புதிதாக டேக்ரான் வந்திருக்கிறது என்று கடைக்காரர் அதைக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியின் தையல் மெஷினில் குழாய் தைத்தார். டேக்ரான் என்றால் வேறொன்றுமில்லை, நாம் உடுத்தும் பாலியெஸ்டர்தான். இன்றுவரை வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனில் உள்ளே தைப்பது அதே பாலியெஸ்டர் குழாயைத்தான். நெய்த குழாய் ஒரு வகை, பின்னிய குழாய் ஒரு வகை. பாவும் ஊடையும் நெருக்கமாக நெய்தால் ரத்தம் கசியாது. பின்னல் குழாய் வளைந்து கொடுக்கும், ஆனால் கசியும். ஆகவே முன்பெல்லாம் நோயாளியின் சொந்த ரத்தத்திலேயே அதை ஊற வைத்து உறையவிட்டுத் தைத்தார்கள். இப்போது மாட்டுத் தோலிலிருந்து எடுக்கும் கொலாஜனைப் பூசி அனுப்புகிறார்கள். மடிப்பு மடிப்பாகச் சுருக்கியிருப்பது வளைத்தால் நசுங்காமல் இருக்க.

நமது நெசவாளித் தோழரிடம் டாக்டர் ஒரு மாதிரித் துண்டைக் காட்டினாராம். கட்டை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது எத்தனை நம்பர் நூல் சார்?" என்று இவர் கேட்டிருக்கிறார். டாக்டருக்குச் சொல்லத் தெரியவில்லை.

கால் குழாய்க்கும் இருதயக் குழாய்க்கும் துணி அவ்வளவாக உதவாது. குறுகிய குழாயில் துணி அடைத்துக்கொள்ளும். அங்கே நோயாளியின் சொந்தக் காலிலிருந்து எடுக்கும் நரம்பே சிறந்தது. 1948ல் பாரிசில் குன்லின் அந்த வழியைத் திறந்தார். இந்தியாவின் முதல் இருதய பைபாஸ் ஆபரேஷன் 1975ல் எங்கே நடந்தது? ஐந்து நட்சத்திர ஆஸ்பத்திரியில் அல்ல; பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில், டாக்டர் கே. எம். செரியனின் கையால். பொதுத்துறைக்கு எதுவும் செய்யத் தெரியாது என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு வருஷத்தையாவது மனப்பாடம் செய்துகொள்ளட்டும்.

கார்கிவ் நகரத்து டாக்டர்

அடுத்த படி, வயிற்றைக் கிழிக்காமலே ஆபரேஷன். தொடை இடுக்குத் தமனி வழியாக, சுருக்கி மடித்த குழாயை உள்ளே அனுப்பி, புடைப்புக்குள் போய் விரிய வைப்பது. ரத்தம் புதுக் குழாய்க்குள் ஓடும். பழைய புடைப்பின்மேல் அழுத்தம் விழாது. இதற்கு ஸ்டென்ட் கிராஃப்ட் என்று பெயர். 1990 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடி வயிற்றுப் புடைப்புக்கு இதைச் செய்தார். உலகம் அவரைக் கொண்டாடுகிறது, தகுதியானவரே. ஆனால் அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1987ல், சோவியத் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கலாய் வோலதோஸ் என்ற டாக்டர், விபத்தில் சேதமாகி நெஞ்சுப் பெருந்தமனியில் புடைப்பு வந்த ஒரு நோயாளிக்கு இதே மாதிரி தானே விரியும் குழாயை உள்வழியாக வைத்துவிட்டார். ருஷ்ய மொழிப் பத்திரிகையில் 1988ல் வெளியிட்டார். மேல்நாட்டில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பெனி இல்லை, காப்புரிமை வியாபாரம் இல்லை, விளம்பரம் இல்லை. பல வருஷங்கள் கழித்துத்தான் அவரை முன்னோடி என்று ஒப்புக்கொண்டார்கள். 2016ல் அவர் காலமானார். 2022 முதல் அந்தக் கார்கிவ் நகரத்தின்மீதே குண்டுகள் விழுந்த கொடுமையைப் பார்க்காமல் போய்விட்டார்.

கீறல் சிறியது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பதால் இந்த முறை பரவிவிட்டது. கேள்வி கேட்காமல் நாம் தலையாட்ட வேண்டுமா? இங்கிலாந்தில் 1999 முதல் 2004 வரை 37 ஆஸ்பத்திரிகளில் 1,252 நோயாளிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு வயிற்றைத் திறந்தும் பாதிப் பேருக்கு உள்வழியாகவும் செய்து பார்த்தார்கள். முதல் 30 நாளில் திறந்த ஆபரேஷனில் நூற்றுக்கு 4.3 பேர் இறந்தார்கள், உள்வழியில் 1.8 பேர். பெரிய வெற்றி! ஆனால் 15 வருஷம் விடாமல் கணக்கெடுத்து 2016ல் வெளியிட்டபோது கதை திரும்பியது. எட்டு வருஷத்துக்குப் பிறகு உள்வழிக்காரர்களே அதிகம் இறந்தார்கள். குழாய் நகர்கிறது, ஓரத்தில் கசிகிறது, பழைய புடைப்பு மறுபடி வளர்ந்து வெடிக்கிறது. ஆகவே உள்வழிக் குழாய் வைத்தவர் ஆயுள் முழுவதும் வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்தே தீர வேண்டும். ஸ்கேனுக்கு மறுபடி வர முடியாத கூலித் தொழிலாளிக்கு அதை வைத்து அனுப்புவது, பாதிப் பாலம் கட்டிவிட்டு ஆற்றில் இறங்கச் சொல்வதாகும். கிழவருக்கும் இருதயம் பலவீனப்பட்டவருக்கும் உள்வழி. உடம்பு தாங்குகிறவருக்குத் திறந்த முறை என்று நிதானமாக முடிவு செய்யும் டாக்டர்களே நல்ல டாக்டர்கள். கம்பெனி ஏஜண்டு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றால் அந்த நிதானம் தவறிவிடும்.

துணியில் ஏறும் சீழ்

இப்போது நாம் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறோம்.

உள்ளே வைத்த துணிக் குழாயில் கிருமி ஏறிவிட்டால் என்ன ஆகும்? உயிருள்ள சதையில் கிருமி விழுந்தால் ரத்தத்தின் வெள்ளணுக்கள் போய்ச் சண்டை போடும். துணிக்கு உயிர் ஏது, ரத்த ஓட்டம் ஏது? கிருமி இழைக்குள் நுழைந்து, தன்மேல் கோந்து போன்ற ஒரு பூச்சைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். எந்த ஆண்டிபயாடிக்கும் அந்தப் போர்வையைக் கடந்து முழுதாகப் போவதில்லை. 1957ல் லண்டனில் எலெக், கோனென் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். வெறும் தோலில் சீழ் பிடிக்கப் பல லட்சம் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டு நூல் தையல் இருந்தால்? சில நூறு கிருமிகள் போதும். ஒரு தையல் நூலுக்கே இந்தக் கதி என்றால் ஒரு சாண் துணிக் குழாய்க்கு எப்படி?

நூறு பேரில் ஒருவர் இருவருக்கு வயிற்றுக் குழாயில் இப்படித் தொற்று ஏறும். தொடை இடுக்கில் வைக்கும் குழாய்க்கு இன்னும் அதிகம். சிலருக்கு ஒரு மாதத்தில். சிலருக்கு ஐந்து வருஷம் கழித்து. சிறு காய்ச்சல், இடுப்பில் ஆறாத ஒரு புண், அதிலிருந்து ஒரு சொட்டுச் சீழ் என்று ஆரம்பிக்கும். அசட்டையாக விட்டால் தையல் விட்டு ரத்தம் பீறிடும். அல்லது குழாய் குடலை அரித்து, வாய் வழியாக ரத்தம் வரும். வைத்தியமும் லேசானதல்ல. கெட்ட துணியை முழுதாக எடுக்க வேண்டும். அதுவரை காலுக்கு ரத்தம் போக வழி செய்ய வேண்டும். அக்குளிலிருந்து தோலுக்கடியில் தொடை வரைக்கும் புதுக் குழாய் ஓட்டுவது பழைய வழி. ரிஃபாம்பிசின் மருந்தில் ஊற வைத்த துணி, வெள்ளி பூசிய துணி, நோயாளியின் சொந்தத் தொடை நரம்பு, மாட்டின் இருதய உறையைச் சுருட்டித் தைத்த குழாய் என்று இப்போது பல வழிகள் வந்துவிட்டன. ரிஃபாம்பிசின் என்றால் நம் சானடோரியத்துக் காசநோயாளிகள் விழுங்கும் அதே மருந்து! எந்த வழியானாலும் இந்த இரண்டாவது ஆபரேஷன் முதல் ஆபரேஷனைப் போல் பல மடங்கு அபாயமானது.

ஆகவே, தொற்று வந்தபின் வைத்தியம் பார்ப்பதைவிட வராமல் தடுப்பதே காரியம். தடுப்பது எது? ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய ஆண்டிபயாடிக் ஊசி தவறாமல் விழுவது. கொதிநீராவியில் சரியாக வெந்த கருவிகள். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகுமுன் கழுவிய கை. இதையெல்லாம் செய்வது யார்? பேர்போன டாக்டர் மட்டுமா? நர்சு, தியேட்டர் உதவியாளர், தரை துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு நர்சின் தலையில் முப்பது நாற்பது நோயாளிகளைச் சுமத்திவிட்டு, ஒவ்வொரு முறையும் கை கழுவு என்று சுவரில் நோட்டீசு ஒட்டினால் கிருமி படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமா? 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான ஒப்பந்த நர்சுகள் தரையில் உட்கார்ந்து போராடினார்களே, அவர்கள் வாங்கிய தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். அன்று அதைச் சம்பளப் போராட்டம் என்று மட்டும் பத்திரிகைகள் எழுதின. நாமும்தான் அப்படி எழுதினோம். துணிக் குழாயில் சீழ் ஏறுவதற்கும் அந்த 7,700 ரூபாய்க்கும் உள்ள சம்பந்தம் இப்போதுதான் நமக்கு உறைக்கிறது.

தோழர் நார்மன் பெத்யூனை மறக்க முடியுமா? ஸ்பெயின் போர்முனைக்கு ரத்தத்தைப் புட்டியில் எடுத்துக்கொண்டு போன கனடா நாட்டுக் கம்யூனிஸ்டு டாக்டர். சீனத்தில் செஞ்சேனை வீரர்களுக்கு ரண சிகிச்சை செய்யும்போது விரலில் பட்ட ஒரு கீறல். கையுறை இல்லை, மருந்து இல்லை. 1939 நவம்பர் 12ந் தேதி ரத்தம் விஷமாகி உயிர் விட்டார். அன்று ஆண்டிபயாடிக் கிடைக்கவில்லை. இன்று கடைக்குக் கடை கிடைக்கிறது. கண்டபடி தின்று கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகின்றன. மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி டாக்டர்கள் 2012ல் சென்னையிலேயே கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். சளிக்கும் காய்ச்சலுக்கும் ஐந்து நாள் மாத்திரையை மூன்று நாளில் நிறுத்துகிற பழக்கம் நம் கிளைத் தோழர்களிடமே இருக்கிறது. அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

விலை யார் வைத்தது?

நமது தோழருக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல லட்சம் சொன்னார்கள். பாதிக்கு மேல் குழாயின் விலை! வீட்டு மனையை விற்க மகன் தரகரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். தடுத்து நிறுத்தி சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

இருதய ஸ்டென்டுக்கு ஒரு காலத்தில் லட்சத்துக்கு மேல் பறித்தார்கள். ஒரு வழக்கறிஞர் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2016ல் அது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது. 2017 பிப்ரவரியில் மருந்துப் பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய், சாதாரண ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய் என்று உச்ச விலை கட்டினார்கள். கம்பெனிகள் ஓடிப்போய்விடும் என்று பயமுறுத்தினார்கள்; வியாபாரம் நின்றுவிடவில்லை. அந்த விலைக் கட்டுப்பாடு இருதயக் குழாயோடு நின்றுவிட்டது. வயிற்றுப் பெருந்தமனிக்கு வைக்கும் குழாய்க்கு அப்படி ஓர் உச்ச விலை கட்டப்படவில்லை. ஏன்? இருதய வியாதிக்காரர்கள் கோடிக்கணக்கில், சத்தம் பெரிது. குழாய்ப் புடைப்புக்காரன் தனக்கு வியாதி இருப்பதே தெரியாமல் சாகிறான். அவன் எங்கே சத்தம் போடுவது?

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. பல ஏழைகளின் உயிரை அது காத்திருக்கிறது. நாம் குறை சொல்லவில்லை. ஆனால் 72,000 ரூபாயாக இருந்த வருமான வரம்பை உயர்த்தியும் 1,20,000 ரூபாய்தான் ஆக்கினார்கள். தினம் 400 ரூபாய் கூலிக்கு மாதம் 26 நாள் வேலை கிடைக்கிற தொழிலாளியின் வருஷ வருமானம் 1,24,800 ரூபாய். அவன் பணக்காரனாகிவிட்டான்! இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கும் இதே கதை. 2017ல் கட்டிய 21,000 ரூபாய் வரம்பைச் சிறு சம்பள உயர்வு ஒன்று தாண்ட வைத்துவிடும்.

பாலியெஸ்டர் நூல் நம் நாட்டில் மலைமலையாக உற்பத்தியாகிறது. திருப்பூரில் பின்னத் தெரியாத பின்னல் இல்லை. அனகாபுத்தூரில் வாழை நாரில் சேலை நெய்து காட்டுகிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வல்லியத்தானும் அவர் குழுவும் இந்திய இருதய வால்வு செய்து 1990 டிசம்பரில் மனித இருதயத்தில் பொருத்தினார்கள். வெளிநாட்டு வால்வைவிட எவ்வளவோ குறைந்த விலையில் அது ஏழைகளுக்குக் கிடைத்தது. அதுவும் பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சிதான். நம் செங்கல்பட்டில் மருத்துவக் கருவிப் பூங்காவுக்காக எச்.எல்.எல். பொதுத்துறை நிறுவனத்துக்குச் சுமார் 330 ஏக்கர் ஒதுக்க 2015ல் மத்திய மந்திரிசபை சம்மதித்தது. பக்கத்திலேயே பல நூறு கோடி செலவில் எழுந்த தடுப்பூசி வளாகம் 2021ல் நாடே ஊசிக்கு அலைந்தபோது ஊசி ஒன்று தயாரிக்காமல் கிடந்ததைப் பார்த்தோம். நிலம் இருக்கிறது, நூல் இருக்கிறது, நெசவாளி இருக்கிறான், விஞ்ஞானி இருக்கிறான். இல்லாதது டெல்லியில் ஆள்கிறவர்களின் மனசு.

வாங்குவதிலும் வழி உண்டு. 1994ல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்துக் காட்டியதை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டன. ஒட்டுக் குழாய்களையும் ஸ்டென்ட் கிராஃப்டையும் அப்படி ஏன் வாங்கக் கூடாது?

குன்றத்தூருக்கு எது பக்கம்?

2019ல் மாவட்டங்களைப் பிரித்தார்கள். தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம். குன்றத்தூர் காஞ்சிபுரம் மாவட்டம். நம் ஊர்க்காரனுக்குத் தலைமை ஆஸ்பத்திரி சுமார் 50 கிலோமீட்டர் தள்ளிக் காஞ்சிபுரத்தில். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் தாம்பரம் அடுத்த மாவட்டம். நோய்க்கு மாவட்ட எல்லை தெரியுமா? ரத்தக்குழாய் நிபுணர் வேண்டுமென்றால் இரண்டையும் விட்டுச் சென்னைக்குள், ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி என்று போக வேண்டும். 1664ல் கோட்டைக்குள் தொடங்கிய அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தநாளத்துக்கென்றே தனித் துறை இருப்பது தமிழ்நாட்டுக்குப் பெருமைதான். ஆனால் கால் கறுத்த சர்க்கரை நோயாளிக்கு ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்ப வேண்டுமென்றால், போரூர் சிக்னலிலும் கிண்டியிலும் ஆம்புலன்ஸ் நின்று நின்று போனால் மிஞ்சுவது கால் அல்ல, கட்டைதான்.

ஆம், இந்தத் துறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வயிற்றுப் புடைப்புக்காரர்கள் அல்ல. பீடி பிடித்துக் கால் விரல் அழுகும் பர்கர் நோய்க்காரர்கள் நாற்பது வயதுகூட ஆகாத உழைப்பாளிகள். டயாலிசிஸுக்காகக் கையில் குழாய் இணைத்தவர்களுக்கு ஊசி குத்திய இடமே புடைத்துச் சீழ் பிடிக்கிறது. தியாகராய நகர் ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் நின்று, கால் நரம்பு சுருண்டு நீலம் பாரித்த நம் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர்! விற்பனைத் தொழிலாளிக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021ல் தமிழகச் சட்டசபை சட்டம் செய்தது. எத்தனை கடையில் நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்று ஒரு நாள் நம் வாலிபர் சங்கத் தோழர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

நாம் கேட்பது பெரிய சொர்க்கம் அல்ல. இங்கிலாந்தில் 67,800 ஆண்களை வைத்து நடத்திய ஆராய்ச்சி, வயிற்றை ஒரே ஒரு முறை ஸ்கேன் செய்து பார்த்தாலே புடைப்பு வெடித்துச் சாகும் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று 2002ல் காட்டியது. அங்கே 65 வயது ஆண்களுக்கு இலவசமாக அதைச் செய்கிறார்கள். வலியில்லாத, ஊசியில்லாத, பத்து நிமிஷ வேலை. நம் நாட்டில் எல்லோருக்கும் வேண்டாம். புகைத்த பழக்கமுள்ள, 65 தாண்டிய உழைப்பாளிகளுக்காவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யலாமே! கருவி ஏற்கெனவே கர்ப்பிணிகளுக்காகப் பல இடங்களில் இருக்கிறது. 5.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த புடைப்பைக் கீறாமல் கவனித்து வந்தால் போதும் என்று 1998லேயே நிரூபித்திருக்கிறார்கள். ஆகவே எல்லோரையும் தியேட்டருக்கு அனுப்பும் செலவும் இல்லை. தாம்பரத்து ஆஸ்பத்திரியில் ஒரு ரத்தநாள நிபுணர், இரவும் பகலும்; குன்றத்தூர் நோயாளியை எந்த மாவட்டம் என்று கேட்காமல் சேர்க்கும் உத்தரவு; ஸ்டென்ட் கிராஃப்டுக்கு உச்ச விலை; ஒப்பந்த நர்சுகளுக்கு நிரந்தர வேலை. மனுவில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறோம்.

நமது நெசவாளித் தோழருக்குத் திறந்த முறையில்தான் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷனுக்கு முன் ஐந்து முறை அலைந்தோம். ஐந்து நாள் அவர் மகனுக்குக் கூலி போயிற்று. பிற்பாடு தொடை இடுக்குப் புண் ஆறாமல் ஆறு வாரம் ஊசி போட்டுக்கொண்டு கிடந்தார். துணிவரைக்கும் கிருமி போகவில்லை, தப்பினார். இப்போது தறியில் உட்காருவதில்லை. மருமகளுக்குப் பாவு புனைய உதவுகிறார். பீடியை விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்கிறார். சட்டைப் பையைத் தடவிப் பார்த்தால் தீப்பெட்டி மட்டும் இருக்கிறது. மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் குன்றத்தூர் தாலுகா ஆபீஸ் வாசலில் கூடுகிறோம்.